பஸ் ஏறும்போதே பாதி டெஸ்ட் முடிந்துவிடுகிறது

பாபநாசம் பக்கத்து ஊரிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஓபி சீட்டு வாங்கி, ஸ்கேன் அறை வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஒருவழியாக உள்ளே போய்ப் படுத்த பிறகு, "பித்தப்பை சுருங்கியிருக்கே, ஏதாவது சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டால், "ஒண்ணும் சாப்பிடலியே தம்பி, ஒரு வாய் காபி மட்டும்தான்" என்று பதில் வரும். அன்றைய ஸ்கேன் அதோடு போயிற்று.

கறந்த பாலில் போட்ட டிகிரி காபி ஒரு டம்ளர் போதும். பாலில் இருக்கும் கொழுப்பு குடலுக்குப் போனதும், அதைச் செரிக்கப் பித்தநீர் வேண்டும் என்று உடம்பு உத்தரவு போடுகிறது. பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளிவிடுகிறது. நிறைந்த பித்தப்பை திரையில் கறுப்பாக, பேரிக்காய் வடிவில் தெரியும். அதற்குள் கல் இருந்தால் வெள்ளையாக மின்னி, அதன் பின்னால் நிழல் விழும். சுருங்கிய பையில் கல் இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. பையின் சுவரும் தடித்துத் தெரிவதால், இல்லாத வீக்கத்தைச் சந்தேகப்பட வேண்டி வரும். வயிற்று ஸ்கேனுக்கு 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு என்று சொல்வது இதற்காகத்தான். வெறும் தண்ணீர் குடிக்கலாம். வெற்றிலை சீவல் வேண்டாம், பீடி சிகரெட்டும் வேண்டாம். விழுங்கும் காற்று குடலில் நின்று பின்னால் இருக்கும் கணையத்தை மறைத்துவிடும்.

ரிப்போர்ட் தப்பாகப் போனால் எல்லோரும் மெஷினைத்தான் சொல்வார்கள். ஆனால் திரும்ப எடுக்க வேண்டி வந்த பரிசோதனைகளைக் கிளறிப் பார்த்தால், காரணம் முந்தின ராத்திரியிலோ, பஸ் ஸ்டாண்டிலோ, ரத்தம் எடுத்த கையிலோ இருக்கும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-இல் வந்தது. திருவாரூருக்கு 2010-இலும் நாகப்பட்டினத்துக்கு 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டன. வேதாரண்யத்துக்காரர் எல்லாவற்றுக்கும் தஞ்சாவூர் ஓட வேண்டிய காலம் போய்விட்டது. இருந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கூட ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு வருகிறவருக்கு "நாளைக்கு வாங்க" என்பது சின்ன வார்த்தை இல்லை. அந்த வார்த்தையைக் குறைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

வயிற்று ஸ்கேனிலேயே இன்னொரு பாதி இருக்கிறது: சிறுநீர்ப்பை. கர்ப்பப்பை, சினைப்பை, பிராஸ்டேட், சிறுநீரகக் கல் இவற்றைப் பார்க்கப் பை நிறைந்திருக்க வேண்டும். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு 4, 5 டம்ளர், அதாவது ஒரு லிட்டர் அளவு தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் போகாமல் அடக்கிக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே குடித்துவிட்டு பஸ் ஏறினால் வழியில் தாங்காது. வந்து டோக்கன் வாங்கி, தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுக் குடிப்பதே சரி. அளவுக்கு மீறியும் அடக்கக் கூடாது. பிராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்கு நிறைந்த பையோடு ஒருமுறை, போய்விட்டு வந்ததும் ஒருமுறை பார்த்து, மீதம் எவ்வளவு தங்குகிறது என்று கணக்கிடுவார்கள். பை வெடிக்கும் அளவுக்கு நிறைத்துக்கொண்டு வந்தவரால் முழுக்கக் கழிக்க முடியாது. மீதம் அதிகமாகக் காட்டும். அதை நம்பி ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போகலாம். முட்டிக்கொண்டு வந்தால் வெளியே இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரப் பட்டினி போதும். முந்தின நாள் மாலை 6 மணிக்கே சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் மறுநாள் 10 மணிக்கு வந்து நிற்கிறார்கள். ரத்தக்குழாய் வற்றிக் கிடக்கும். இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டி வரும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் ரத்தம் கொடுக்கும் முன் போடக் கூடாது. போட்டுவிட்டுப் பட்டினியாக வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மருந்தைப் பையில் எடுத்து வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடு வழக்கம்போல எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையில்தான் கணக்கு அதிகம் பிசகுகிறது. இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணினால் இருபது நிமிஷம் கூடிவிடும். டெஸ்ட் என்பதற்காக இரண்டு இட்லியோடு நிறுத்திவிட்டு, பெரிய கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வந்தால் நல்ல எண் வரும்; அது அன்றைக்கு மட்டும் வந்த எண். வீட்டில் தினமும் சாப்பிடுவது எதுவோ, எவ்வளவோ, அதைத்தான் சாப்பிட வேண்டும். டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு வருகிற ரிப்போர்ட் நம்பகமானது.

மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்லும் ஹெச்பிஏ1சி-க்குப் பட்டினி வேண்டாம், எந்த நேரத்திலும் கொடுக்கலாம். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய் வரம்பு. ஆனால் ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவில் அது கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ நிறைய ரத்தம் போயிருந்தாலோ குறைத்துக் காட்டலாம். அதிகப்படியான மாதப்போக்கு உள்ள பெண்கள் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தைராய்டுக்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் அன்றைய மாத்திரை. முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல ஆய்வகங்களில் தைராய்டு அளக்கும் முறையே பயோட்டினைப் பயன்படுத்துவதால், ரத்தத்தில் அது மிகுந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

குழாய்களின் மூடி நிறத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சர்க்கரைக்கு சாம்பல் நிற மூடி. அதில் சோடியம் புளோரைடு இருக்கிறது. அது இல்லாத குழாயில் ரத்தம் கிடந்தால், ரத்த அணுக்கள் தாமே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துவிடும். கிராமத்தில் 7 மணிக்கு எடுத்து, டவுனுக்கு பைக்கில் போய், 11 மணிக்கு மெஷினில் ஏறும் ரத்தத்துக்கு இது பெரிய வித்தியாசம். ஊதா மூடி ரத்த அணு எண்ணிக்கைக்கும் ஹெச்பிஏ1சி-க்கும். வெளிர்நீல மூடி ரத்தம் உறையும் நேரத்துக்கு. அதில் ஒன்பது பங்கு ரத்தம், ஒரு பங்கு மருந்து. கோடு வரைக்கும் நிரம்பாமல் அனுப்பினால், உறையும் நேரம் நீண்டதாகப் பொய்க் கணக்கு வரும். ரத்தம் எடுக்கும்போது கையை மடக்கி மடக்கி விரிப்பது இன்னொரு தப்பு. பொட்டாசியம் ஏறிக் காட்டும். டிரிப்ஸ் ஏறும் கையிலிருந்து எடுத்தால், பாட்டிலில் இருப்பதுதான் ரிப்போர்ட்டில் வரும். பக்கத்தில் இருக்கும் உறவினர் "டிரிப்ஸ் இல்லாத கையில எடுங்க சிஸ்டர்" என்று தயங்காமல் சொல்லலாம்.

காய்ச்சலுக்கு எத்தனையாவது நாள் என்பதுதான் முக்கியம். காய்ச்சல் தொடங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு வந்தால் டாக்டருக்கும் ஆய்வகத்துக்கும் பாதி வேலை குறையும். டெங்குவுக்கு முதல் 5 நாளில் என்எஸ்1, அதாவது வைரஸின் புரதத்தைத் தேடும் டெஸ்ட். அதற்குப் பிறகு ஐஜிஎம், அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்ட். இரண்டாம் நாள் ஐஜிஎம் மட்டும் எடுத்து "டெங்கு இல்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் திரும்ப வருவார்கள். நாற்றங்கால் சேற்றிலும் எலி வளை நிறைந்த வரப்பிலும் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலும் அப்படித்தான்: ஐஜிஎம் தெரிய ஒரு வாரம்போல ஆகும், அதற்கு முன் எடுத்து இல்லை என்று வந்தால் அது முடிவில்லை. டைபாய்டுக்கு ஒரே ஒரு வைடால் டெஸ்டை நம்பி இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிடுவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் சரி. அதுவும் முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும். யூரின் கல்ச்சருக்கும் இதே விதி. மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு வேளை போட்டுவிட்டு வந்தால், கிருமி இருந்தும் வளராது.

ஒரு காலத்தில் கும்பகோணம் பகுதியில் யானைக்கால் கணக்கெடுக்க ராத்திரியில்தான் வருவார்கள். அந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கி, இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை ரத்தத்தில் நிறைய ஓடும். அதைப் பரப்பும் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். பகல் ரத்தத்தில் தேடினால் கிடைக்காது. கால் நன்றாக வீங்கியவருக்கு ராத்திரி ரத்தத்திலும் பெரும்பாலும் இருக்காது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மண்ணில் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய பாம்புக்கடிப் பரிசோதனை ஒன்று உண்டு. அதற்கு மெஷினே கிடையாது. சம்பா அறுப்பில் காலில் ஏதோ கடித்துவிட்டது என்று தூக்கி வருகிறார்கள். கையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்துவிட்டது. தண்ணீராக ஓடினால் உறையவில்லை, பாம்பின் விஷம் ரத்தத்தைக் கெடுத்திருக்கிறது. நம் வயல்களில் அது பெரும்பாலும் கண்ணாடி விரியன், விஷமுறிவு மருந்து உடனே ஏற வேண்டும்.

இவ்வளவு எளிதான டெஸ்டில் எங்கே தவறுகிறது? குழாயில். பிளாஸ்டிக் குழாயில் விட்டால் நல்ல ரத்தமும் சரியாக உறையாது. உறைதலைத் தொடங்கி வைப்பதே கண்ணாடியின் மேற்பரப்புதான். சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடிக் குழாயும் ஆகாது. ஒட்டியிருக்கும் சோப்பு உறைதலைத் தடுத்துவிடும். புதுக் குழாய்தான் வேண்டும். "உறைஞ்சிடுச்சா, உறைஞ்சிடுச்சா" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாலும் கெட்டது. கடிகாரம் பார்த்து, ஆரம்பித்த நேரத்தைக் குழாயிலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம். மருந்து ஏற்றிய பிறகு 6 மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். அப்போதும் உறையாவிட்டால் மீண்டும் மருந்து. முதல் டெஸ்டில் உறைந்துவிட்டது என்பதற்காக எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. விஷம் மெதுவாக ஏறலாம். அதோடு, நாகமும் கட்டுவிரியனும் ரத்தத்தைத் தொடுவதில்லை, நரம்பைத்தான் பிடிக்கும். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியலில் வயிற்று வலியோடு எழுந்து, கண் இமை தூக்க முடியாமல் தொங்கினால், குழாயில் ரத்தம் அழகாக உறைந்திருந்தாலும் அது கட்டுவிரியனாக இருக்கலாம். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். கடித்த நேரத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு இரண்டு ஸ்கேனின் தேதியைத் தவறவிடக் கூடாது. ஒன்று 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள். இன்னொன்று 18 முதல் 22 வாரத்துக்குள், குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. "ஏழாம் மாசம் வளைகாப்பு முடியட்டும்" என்று தள்ளிப் போட்டால் குழந்தை வளர்ந்து மடங்கிக் கிடக்கும், எலும்பின் நிழல் விழும், இதயத்தையும் முதுகையும் தெளிவாகப் பார்க்க முடியாது. கடைசி மாதவிலக்கு தேதி, முந்தைய ஸ்கேன் ரிப்போர்ட், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்), அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாமியார் வந்து கேட்டாலும் அதே சட்டம்தான்.

எக்ஸ்ரேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் நிஜமாகவே இழுத்துப் பிடிக்க வேண்டும். அரைகுறையாக இழுத்தால் இதயம் பெரிதாகவும் நுரையீரல் அடிப்பகுதி சளி கட்டியது போலவும் தெரியும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். ஈசிஜிக்கு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே வந்தால் நெஞ்சில் பட்டன் ஒட்டாது, கோடு நடுங்கும். மூளை அலை பார்க்கும் இஇஜிக்கு முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும்.

சிடி ஸ்கேனில் பக்கவாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாய் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால், சிடி இருக்கும் மருத்துவமனைக்கு நேரே போங்கள். மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, சிடிதான் சொல்லும். அடைப்பாக இருந்தால் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைத் தெரிந்தவர் கூட வர வேண்டும். சிடி எடுக்கும் முன் வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். கசிவாக இருந்தால் அது இன்னும் கசிய வைக்கும்.

படம் தெளிவாகத் தெரிவதற்காக கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றும் சிடிக்கு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் அண்மையில் எடுத்தது வேண்டும். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். போகவில்லை, பயப்பட வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் மட்டும் எரிந்து வீங்கினால் உடனே கத்திச் சொல்ல வேண்டும், மருந்து வெளியே கசிகிறது என்று பொருள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் "எனக்கு இறால் ஒத்துக்காது, அதனால அயோடின் மருந்தும் ஆகாது" என்று பலர் பயப்படுகிறார்கள். இறால் அலர்ஜிக்குக் காரணம் அதில் இருக்கும் புரதம், அயோடின் இல்லை. சொல்லி வைப்பது நல்லது, ஆனால் அதற்காக ஸ்கேனை மறுக்க வேண்டியதில்லை. முன்பு இதே கான்ட்ராஸ்ட் மருந்துக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதைத்தான் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எம்ஆர்ஐ அறை வாசலில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்ப்போம். உள்ளே இருக்கும் காந்தம், ஸ்கேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ராத்திரி பகல் எந்நேரமும் உயிரோடு இருக்கும். சங்கிலி, வளையல், கொலுசு எல்லாம் கழற்றியாயிற்று என்று அந்த அம்மா சொல்கிறார். தாலிக்கொடி மட்டும் கழுத்தில் இருக்கிறது. தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் கொடியைப் புரட்டிப் பார்த்தால் மூன்று நான்கு ஊக்கு தொங்கும், அவசரத்துக்கு உதவும் என்று பெண்கள் எல்லோரும் மாட்டி வைப்பதுதான். அது இரும்பு. காந்தத்துக்குப் பக்கத்தில் அந்த ஊக்கு கொடியோடு விறைத்து நிற்கும், கழன்றால் முகத்தை நோக்கிப் பறக்கும். ஊக்கை மட்டும் எடுத்தால் போதாது. தங்கமும் படத்தைக் கெடுக்கும், சூடாகும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டி வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தால், வாசலில் கண்கலங்கி நிற்க வேண்டியதில்லை. கொடியை வாங்கி வைத்துக்கொள்ள நம்பகமான ஆள் ஒருவர் கூட வர வேண்டும்.

வருஷக் கணக்காகக் கழற்றாத திருகு மூக்குத்தியை வாசலில் வந்து திருகினால் வராது, மூக்குதான் புண்ணாகும். முந்தின நாளே ஆசாரியிடம் போங்கள். மெட்டியை ராத்திரியே சோப்பு நீர் விட்டுக் கழற்றிவிடலாம். ஆண்களிடம் அருணாக்கொடியையும் அதில் கோத்த தாயத்தையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். வெல்டிங், லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் இவற்றின் அட்டையைக் கொண்டுவர வேண்டும். எலும்பில் வைத்த பிளேட்டும் இதயத்தில் வைத்த ஸ்டென்டும் பெரும்பாலும் தடையில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். உள்ளே போகும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். 20 முதல் 40 நிமிஷம் தட்டும் சத்தத்தில் அசையாமல் படுக்க வேண்டும். அசைந்தால் அந்தப் பகுதியை முதலிலிருந்து எடுப்பார்கள்.

மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்களில் புற்றுநோய் மார்க்கர் என்று ரத்த டெஸ்ட் ஐந்தாறு சேர்த்து விற்கிறார்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு அவை பெரும்பாலும் பயத்தையும் அடுத்த செலவையும்தான் தரும். அந்தப் பணத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்த்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் கவுன்டரை விட்டு நகரும் முன் பெயர், வயது, ஆணா பெண்ணா, இடதா வலதா என்று பாருங்கள். பிலிமை டூவீலர் சீட்டுக்கு அடியில் வெயிலில் வைக்காதீர்கள். இப்போது வருபவை பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் பிலிம்கள், சூடு பட்டால் கறுத்துவிடும். ஈசிஜி தாளும் அப்படித்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டால், அந்த மெஷினின் சூட்டில் முழுத்தாளும் கறுப்பாகிவிடும். போடாவிட்டாலும் சில வருஷத்தில் கோடு மங்கும். வாங்கிய அன்றே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, மேலே தேதியை எழுதி, பீரோவில் வையுங்கள். நடுராத்திரி நெஞ்சுவலி என்று ஓடும்போது, இந்தக் கோடு புதிதா பழையதா என்று டாக்டர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.